விழுந்தவர் சிரிக்க வேண்டும்

"எட்டாம் குறி" சீரியல் மறுபடியும் டிவியில் வரப்போகிறது என்று பேப்பரில் போட்டிருந்ததை எனக்கு முதலில் காட்டியவர் பக்கத்து வீட்டு ராமானுஜம் சார். இரண்டாயிரத்து ஏழு, ஜனவரி. பொங்கலுக்கு அடித்த வெள்ளையின் வாசனை இன்னும் வீட்டைவிட்டுப் போகவில்லை. அவர் பேப்பரை நாலாக மடித்து, அந்த இடத்தை விரலால் குத்திக் காட்டினார். "பாத்தியாம்மா கல்யாணி, உதயமூர்த்தி சாகலையாம். திரும்பி வரானாம். ஜெயந்த்துன்னா ஜெயந்த்துதான். இன்னாமா குதிப்பான்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குதித்தவர் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

சுற்றி வளைக்க எனக்கு வராது. இருபது வருடமாக எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். விஷயம் இதுதான். தொண்ணூற்று நான்கிலிருந்து தொண்ணூற்று ஒன்பது வரை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழரை மணிக்குச் செங்கல்பட்டில் எங்கள் தெருவே டிவி முன்னால் இருக்கும். டி.எஸ்.பி. உதயமூர்த்தி மாடியிலிருந்து ஜீப் மேல் குதிப்பார், பாலத்திலிருந்து படகு மேல் குதிப்பார், எரிகிற கொட்டகைக்குள்ளிருந்து உருண்டு வருவார். அவருடைய முகம் ஜெயந்த் என்ற நடிகருடையது. முதுகு என் வீட்டுக்காரர் தாமோதரனுடையது.

இவர் அப்போது ஒரு தனியார் பள்ளியில் பி.டி. வாத்தியார். பிள்ளைகளை மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா அழைத்துப் போன இடத்தில் ஷூட்டிங் நடந்துகொண்டிருந்தது. ஜெயந்த்துக்குப் பதில் குதிக்கச் சென்னையிலிருந்து வந்த சண்டைக்காரர் பாறையையும் கடலையும் பார்த்துவிட்டு, தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டார். இவருக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "இது ஒரு உயரமா சார்" என்று கேட்டாராம். டைரக்டர் சதாசிவம் இவரைத் தோளைப் பிடித்துத் திருப்பி, முதுகைப் பார்த்து, "அப்படியே ஜெயந்த்" என்று சொன்னாராம். அன்றைக்குத் திரும்பிய முதுகு ஐந்து வருடம் திரும்பியபடியே இருந்தது.

சதாசிவம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். வெளியில் சொல்லாதீர்கள், ஜனங்களின் நம்பிக்கை போய்விடும் என்றார். இந்த மனுஷன் அதைச் சத்தியப் பிரமாணம் மாதிரி எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு, "உனக்கும் ஜெயந்த் வயசுதானே தாமு, ஒரு சுவரு ஏறிக் குதிக்கச் சொன்னா குதிப்பியா" என்று ராமானுஜம் சார் கேலி செய்வார். இவர் "எனக்கு எங்க சார்" என்பார். நான் அடுப்படியில் பாத்திரத்தை ணங்கென்று வைப்பேன். வேறென்ன செய்ய.

தொண்ணூற்று ஒன்பது மார்ச்சில் கடைசிப் பகுதி எடுத்தார்கள். சனிக்கிழமை. நானும் போயிருந்தேன், நாலு வயது மானசாவை மடியில் வைத்துக்கொண்டு யூனிட் குடைக்கடியில் உட்கார்ந்திருந்தேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தைத் தாண்டினால் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை. உதயமூர்த்தி குண்டடிபட்டு அதன் உச்சியிலிருந்து கடலில் விழுந்து சாக வேண்டும். ஒன்பதே முக்காலுக்குத் தண்ணீர் முழுவதும் ஏறி நின்றது. ஆனால் சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகுகாலம். சாவுக் காட்சியை ராகுகாலத்தில் எடுப்பதாவது என்று எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

பத்தரைக்கு மேல் ஜெயந்த்தைப் படுக்கவைத்து, ரத்தம் பூசி, கண் மூடுகிற காட்சியை முகத்துக்கு நெருக்கமாக எடுத்தார்கள். அப்புறம் சினிமாக்காரர்களின் அந்த வழக்கம். யாராவது சாகிற மாதிரி நடித்தால், எடுத்த கையோடு அவரை எழுப்பி உட்காரவைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்வார்கள். அந்தச் சிரிப்பையும் படம் பிடிப்பார்கள். அது டிவியில் வராது, வெட்டிப் போட்டுவிடுவார்கள். ஆனாலும் எடுத்தே ஆக வேண்டும். செத்தவர் எழுந்துவிட்டார் என்று கேமரா பார்க்க வேண்டுமாம். ஜெயந்த் ரத்தத்தோடு எழுந்து பளிச்சென்று சிரித்தார். பூசணிக்காய் உடைத்தார்கள். அவரைக் காரில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினார்கள். பிறகு பிரியாணிப் பொட்டலம் வந்தது.

இவர் விழும் காட்சிக்கு வரும்போது மணி இரண்டு. ஏசுதாஸ் என்று அந்தக் குப்பத்துப் பையன் ஒருவன், படகு பிடிக்க வந்தவன், "சார், தண்ணி எறங்கிகினு கீது சார்" என்று இரண்டு தடவை சொன்னான். எனக்கே கேட்டது. ராகுகாலத்தை அத்தனை பேர் பார்த்தார்கள். கடலை அவன் ஒருவன்தான் பார்த்தான்.

இவர் தண்ணீரில் குதித்தால் நான் மனசுக்குள் எண்ணுவது பழக்கம். ஏழு, எட்டு எண்ணுவதற்குள் தலை தெரிந்துவிடும். அன்றைக்கு நாற்பத்தொன்று எண்ணினேன். ஏசுதாஸ்தான் முடியைப் பிடித்துத் தூக்கினான்.

இடுப்பில் தகடு வைத்தார்கள். வலது கால் ஒன்றரை அங்குலம் குட்டை, வெளியே போனால் கைத்தடி வேண்டும். முன்பல் ஒன்று போனது. ஆஸ்பத்திரிச் செலவை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள், பொய் சொல்லக் கூடாது. பள்ளிக்கூடத்தில் இவரை மைதானத்திலிருந்து எடுத்து நூலகத்தில் உட்காரவைத்தார்கள். விசிலை ஆணியில் மாட்டினார். தெருவில் கேட்டவர்களுக்கு மாடிப்படி வழுக்கிவிட்டது என்று சொல்லிவைத்தார். பல் கட்டிக்கொள்ளுங்கள் என்று எத்தனையோ முறை சொன்னேன், கட்டிக்கொள்ளவில்லை. அதற்குப் பதில் வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகினார். பிறகு அதுவும் குறைந்தது. எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் எட்டு வருடமாக ஒரே கேள்வி குடைந்தது. விழுந்தவர் ஒருவர், சிரிக்கவைக்கப்பட்டவர் ஒருவர். இது என்ன கணக்கு?

பேப்பரில் வந்த நாலாம் நாள் சதாசிவம் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். தலை முழுக்க நரைத்திருந்தது. காப்பி கொடுத்தேன், அதற்கு மேல் எதுவும் கொடுக்கத் தோன்றவில்லை. இப்போது வேறு சேனல், பழைய டேப்பைப் பழைய சேனல் தர மாட்டேன் என்கிறது, அதனால் உதயமூர்த்தி விழுந்ததை முதல் பகுதியில் புதிதாக எடுத்துக் காட்டியாக வேண்டும் என்றார்.

"வேற ஆள் போட்டுப் பாத்தேன் டீச்சர். நாலு பேரு. எவன் விழுந்தாலும் பொம்மை விழற மாதிரி கீது. ஜனங்க கண்டுபிடிச்சிடுவாங்க. வாத்தியார் முதுகு அவங்களுக்குத் தெரியும்."

"முதுகு தெரியும். ஆள் தெரியாது" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "உச்சியிலேர்ந்து இல்ல. கீழ ஒரு திட்டு இருக்கே, பன்னெண்டு அடி. மீதிய கேமரா பாத்துக்கும்."

"உங்க கேமரா போன தடவையும் நல்லாத்தான் பாத்துக்கிட்டுது சார். காப்பி ஆறுது, குடிங்க."

அவர் போன பிறகு இவர் சொன்னார், "நான் போறேன் கல்யாணி."

அப்படியொரு கோபம் எனக்கு வந்ததில்லை. "உங்களுக்கு இன்னொரு இடுப்பு எங்கயாச்சும் எடுத்து வெச்சிருக்கீங்களா" என்று கேட்டேன். அப்போதுதான் வெளியே வந்தது. நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, இரண்டு வருடமாக ஏரிக்கரைப் பக்கம் ஒரு விவசாயக் கிணற்றில் குதித்துக்கொண்டிருக்கிறார். மானசாவுக்குக்கூடத் தெரியுமாம். அப்பனுக்குத் துண்டு எடுத்துக் கொடுப்பவளே அவள்தான். வீட்டிலேயே என்னை முட்டாளாக்கியிருக்கிறார்கள்.

ஆறு நாள் நான் அவரோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைப்பேன், எடுப்பேன். ஏழாம் நாள் அவராகவே பேசினார். வாயை மூடி மூடிப் பேசுகிற மனுஷன் அன்றைக்கு முழுசாகப் பேசினார்.

"எட்டு வருஷமா நான் அந்தத் தண்ணியிலதான் கெடக்கறேன் கல்யாணி. தூக்கனாங்க, தகடு வெச்சாங்க, லைப்ரரில உக்கார வெச்சாங்க. ஆனா நான் இன்னும் எழுந்து வரல. உதயமூர்த்திய எழுப்பிட்டாங்க. என்னை யாரு எழுப்பறது?"

முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாமல்லபுரம் பஸ் ஏறினேன். ஏசுதாஸைத் தேடிப் பிடித்தேன். பையன் இப்போது பையன் இல்லை, தொப்பை வைத்திருந்தான், சதாசிவத்தின் யூனிட்டுக்கு அவன்தான் சண்டை மாஸ்டர். என்னைக் கண்டதும் பீடியைக் கீழே போட்டு மிதித்தான்.

"ஏசு, சுனாமிக்கு அப்புறம் அந்தப் பாறைகிட்ட ஆழம் எப்படி?"

"மண்ண வாரிகினு பூட்ச்சி டீச்சர். முன்னைக்கு இப்ப ஆழம் ஜாஸ்தி. நானே முழுகிப் பாத்துட்டேன். ஆனா தண்ணி ஏறி நிக்க சொல்லோதான் குதிக்கணும். வர்ற பிப்ரவரி பதினேழாந்தேதி காலைல ஒம்போதே முக்காலுக்கு ரொம்பிகினு நிக்கும். அப்பால எறங்கிடும்."

பதினேழாம் தேதி சனிக்கிழமை. ஒன்பதிலிருந்து பத்தரை ராகுகாலம்.

சதாசிவத்துக்குப் போன் போட்டேன். இரண்டே இரண்டு நிபந்தனை என்றேன். ஒன்று, ஒன்பதே முக்காலுக்குத்தான் விழுவார், ஒரு நிமிஷம் தள்ளினாலும் கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.

"டீச்சர், சாவு சீனை ராகுகாலத்துல எடுக்கச் சொல்றீங்க. யூனிட்ல ஒருத்தன் நிக்க மாட்டான்."

"நிக்க வேணாம். கேமராவுக்கு ஒருத்தர், படகுல ஏசு. போதும்."

"சரி. ரெண்டாவது?"

"அத அன்னிக்குச் சொல்றேன்."

அதற்குள் ஒரு கூத்து நடந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்து பிழைத்தவன் நேராக நடந்தால் யார் நம்புவார்கள் என்று, புதிய கதையில் உதயமூர்த்தி நொண்டுகிறாராம். அதைப் பழக ஜெயந்த் எங்கள் வீட்டுக்கு வந்தார். ராமானுஜம் சார் ஊரில் இல்லாத நாள், நல்லவேளை. ஜெயந்த்துக்கு உடம்பு பருத்து, மூச்சு வாங்கியது. எங்கள் கூடத்தில் ஜன்னலுக்கும் அடுப்படிக்கும் இடையே பத்து தடவை நடந்தார். இவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "இடது கால் இல்ல சார், வலது. தோள எறக்காதீங்க, இடுப்புலதான் வரணும்" என்று பழைய பி.டி. வாத்தியார் குரலில் திருத்தினார். ஐந்து வருடம் இவர் அவரைப் போல ஓடினார். இப்போது அவர் இவரைப் போல நடக்கிறார். போகும்போது ஜெயந்த் வாசலில் நின்று, "அன்னிக்கு என்னை முன்னாடியே கார்ல அனுப்பிட்டாங்கக்கா. ரெண்டு நாள் கழிச்சித்தான் தெரியும். அப்புறம் வர்றதுக்கு வெக்கமா இருந்தது" என்றார். நான் சரி என்றேன். அதற்கு மேல் அவரைத் திட்ட என்னால் முடியவில்லை.

பதினேழாம் தேதி. ஏழு மணிக்கே போய்விட்டோம். ஒன்பது அடித்ததும், நான் நினைத்ததைப் போலவே, ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். டீ குடிக்கப் போகிறேன், போன் பேசப் போகிறேன் என்று போனவர்கள் சவுக்குத் தோப்பு ஓரம் நின்று எட்டிப் பார்த்தார்கள். கேமராமேன் ஸ்டாண்டு காலில் எலுமிச்சம்பழம் கட்டிவைத்திருந்தார். ஜெயந்த் மட்டும் குடைக்குள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பன்னிரண்டு வயது மானசா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இவர் திட்டின்மேல் ஏறினார். ஏறுவதற்கே ஐந்து நிமிஷம் ஆயிற்று. காக்கிச் சட்டையோடு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். அந்த முதுகு மாறவேயில்லை. சதாசிவம் கையைக் காட்டினார். குண்டு பட்டது போலத் தோள் ஒருமுறை துடித்தது, முழங்கால் மடிந்தது, பக்கவாட்டில் சரிந்து கீழே போனார்.

ஒன்று, இரண்டு. நான் எண்ணுவது சத்தமாகவே வெளியே வந்திருக்கிறது, பிறகு மானசா சொன்னாள். ஏழு வந்தது. எட்டு வந்தது. ஒன்பதில் ஏசுதாஸ் படகில் எழுந்து நின்றான். பதினொன்றில் என் குரல் போய்விட்டது, அதற்குமேல் ஜெயந்த்தான் எண்ணினார். பதினாலில் தலை தெரிந்தது. படகுக்குப் பக்கத்தில் இல்லை, கரைப்பக்கம். தானாகவே நீந்தி வந்துகொண்டிருந்தார்.

இடுப்பளவு தண்ணீரில் எழுந்து நின்று நடந்து வந்தார். தோப்பில் நின்றவர்கள் கைதட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். சதாசிவம், "பேக்கப், பேக்கப், முதல்ல இந்த எடத்த வுட்டுக் கெளம்புவோம்" என்றார்.

"இருங்க சார்" என்றேன். "ரெண்டாவது நிபந்தனை. இவரைச் சிரிக்கவெச்சு எடுங்க."

சதாசிவம் என்னைப் பார்த்தார். "ராகுகாலம் பொய்யின்னு நெனைக்கறவங்க நீங்க. சிரிப்பு மட்டும் நிஜமா டீச்சர்?"

"ராகுகாலம் உங்களுக்கு. சிரிப்பு எனக்கு. போன தடவ செத்தது இவரு, சிரிச்சது வேற ஆளு. எட்டு வருஷமா அது பாக்கி."

ஜெயந்த் குடையை விட்டு எழுந்தார். "எடுங்க சார்" என்று மட்டும் சொன்னார். சதாசிவம் தானே கேமராவுக்குப் பின்னால் போய் அதை இவர் பக்கம் திருப்பினார்.

முழங்கால் அளவு தண்ணீரில் நின்றிருந்த என் வீட்டுக்காரர், கேமரா தன்னை நோக்கித் திரும்புவதைப் பார்த்தார். பார்த்ததும் சட்டென்று திரும்பி முதுகைக் காட்டி நின்றுவிட்டார்.

யாரும் சொல்லவில்லை. பழக்கம். கேமரா என்றால் முதுகு. "தாமு அண்ணாத்த, இந்தாண்ட திரும்பு" என்று ஏசுதாஸ் கத்தினான். திரும்பவில்லை. "அப்பா" என்று மானசா கூப்பிட்டாள். தோள் மட்டும் அசைந்தது. அழுகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த முதுகைப் படிக்க இந்த உலகத்தில் என்னைவிட யாருக்குத் தெரியும்?

நான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினேன். பட்டுப்புடவை இல்லை, நல்லவேளை. அவருக்கு நாலடி பின்னால் நின்று, எட்டாம் வகுப்பே நடுங்குகிற என் குரலில் சொன்னேன்.

"பி.டி. வாத்தியாரே, அட்டென்ஷன்."

முதுகு நிமிர்ந்தது.

"அபௌட் டர்ன்."

குதிகாலை ஊன்றினார். குட்டைக் கால் பழைய மாதிரி சுழலவில்லை, மணல் வேறு நழுவியது, பாதி திரும்பித் தடுமாறி என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தடுமாற்றத்தில்தான் சிரிப்பு வந்தது. வாயைத் திறந்து, ஓட்டைப் பல் தெரிய, கண்ணில் தண்ணீர் வழிய, சத்தம் போட்டுச் சிரித்தார். நான்தான் அழுதேன். நாற்பத்தொன்று எண்ணிய அன்றைக்கு வராத அழுகையெல்லாம் இப்போது வந்தது. சதாசிவம் கட் சொல்ல மறந்துவிட்டார் என்று கேமராமேன் பிறகு சொன்னார். அதை வழக்கப்படி வெட்டித்தான் போட்டிருப்பார்கள்.

மார்ச் இரண்டாம் வெள்ளிக்கிழமை முதல் பகுதி வந்தது. பழைய மாதிரியே ராமானுஜம் சார் எங்கள் வீட்டுக்கு வந்து நடுநாயகமாக உட்கார்ந்தார். உதயமூர்த்தி பாறையிலிருந்து சரிந்தார், கடல் மூடிக்கொண்டது. "அடேயப்பா, இந்த வயசிலயும் ஜெயந்த் இன்னாமா விழறான் பாரு" என்றார்.

"அது நான்தான் சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

ராமானுஜம் சார் அவரையும், சுவரோரம் சாய்த்துவைத்திருந்த கைத்தடியையும் பார்த்தார். "சும்மா இருப்பா தாமு" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார். இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார், வாயை மூடிக்கொள்ளாமல்.